ஒரு பிற்பகலில் முடியும் கதை: கேள்வி பதில்

மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் இவ்வகைக்கு முன்னோடி. பல மாதம் தொடராமல் ஒரே அமர்வில் அதை நடத்தி முடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடத்திவரும் பழக்கத்தைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

அக்கா, வருகிற போயா விடுமுறையில் நான்கு நண்பர்களுக்கு முதன்முதலாக நடத்தப் போகிறேன். எவ்வளவு எழுதி வைக்க வேண்டும்? (திருநெல்வேலி)

தம்பி, கொப்பியில் இரண்டு பக்கம் போதும். கதையை எழுதாதீர்கள், சிக்கலை எழுதுங்கள். என் முதல் அமர்வுக்குப் பதினான்கு பக்கம் எழுதினேன். விளையாடியவர்களோ முதல் பக்கத்தில் வந்த கடைக்காரரைச் சந்தேகித்து, அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். மிச்சப் பக்கங்களுக்கு அன்று வேலையே இருக்கவில்லை.

நம்ம யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு என்பது நமக்குத் தெரியும். ஓர் இரவில் மேல் தண்ணீரும் உப்பாகிவிட்டது என்று வையுங்கள். தோட்டங்களில் வெங்காயம் வாடுகிறது. கிணற்றின் அடியில் ஏதோ விழித்திருக்கிறது. அதை எழுப்பியவர் ஊருக்குள்ளேயே இருக்கிறார். யாரும் தலையிடாவிட்டால் பொழுது சாயும்போது அயலூர்க் கிணறுகளும் உப்பாகும். இதோடு ஊரில் மூன்று பேரை வைத்து, ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், எதை மறைக்கிறார் என்று எழுதுங்கள். எழுப்பியவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு தடயம் போதாது. மூன்று வைத்தால்தான் ஒன்றாவது அவர்கள் கையில் அகப்படும்.

தொடக்கமும் முக்கியம். வீரர்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்று அரை மணித்தியாலம் செலவழிக்க வேண்டாம். “கிணற்றடியில் நிற்கிறீர்கள். வாளியை இழுத்த பெரியவர் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, உங்களை நிமிர்ந்து பார்க்கிறார். என்ன செய்கிறீர்கள்?” இவ்வளவுதான்.

பாத்திரங்களை விளையாடுபவர்களே உருவாக்கட்டுமா? (மானிப்பாய்)

ஒரே அமர்வுக்கு வேண்டாம். புதியவர்களுக்கு அதிலேயே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். பாத்திரத்தின் திறன்களை எழுதும் பாத்திரத் தாள்களை நீங்களே நிரப்பி வையுங்கள். பாத்திரத்தின் வலிமைப் படியான நிலை, ஒன்று முதல் மூன்று வரை இருக்கட்டும். நான்கு பேருக்கு ஆறு தாள் இருந்தால் கடைசியாக வருபவருக்கும் தெரிவு இருக்கும். ஒவ்வொரு தாளிலும் இன்னொரு பாத்திரத்தோடு ஓர் உறவை எழுதுங்கள்: “இவருக்கு நீ உயிர்க்கடன் பட்டிருக்கிறாய்.” பேச்சு தானாக வரும்.

பாத்திரம் செய்ய முயல்வது பலிக்குமா என்று பார்க்க உருட்டும் இருபது முகப் பகடை எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. (காரைநகர்)

கைபேசிச் செயலி போதும். எனக்கு இன்னும் பிடித்தது பால்மா டின். 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரே அளவில் மடித்துப் போட்டு, குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த துண்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புக் கணக்குக் குழம்பும். 11 அல்லது அதற்கு மேல் வருவது சரி பாதி. 15 அல்லது அதற்கு மேல் வருவது 30 வீதம்தான். கதை நகரத் தேவையான தடயத்தைப் பகடைக்கு விடாதீர்கள், தேடியவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் போர்க்காலத்தை நேரில் கண்டவர்கள் இருக்கிறார்கள். சண்டைக் காட்சிகள் வைக்கலாமா, அக்கா? (சாவகச்சேரி)

இதைக் கேட்டதற்கு நன்றி, தங்கச்சி. வாளும் பூதமும் பெரும்பாலும் யாரையும் காயப்படுத்துவதில்லை. காயப்படுத்துவது நாம் கவனிக்காத சின்ன விபரம். ஒருமுறை இரவில் கதவு தட்டப்படுவதை நான் விபரித்தேன், வெளியே சப்பாத்துச் சத்தம் என்றும் சொன்னேன். மேசையில் ஒருவர் கையிலிருந்த பென்சிலை மெதுவாக வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். விளையாட்டை நிறுத்தித் தேநீர் ஊற்றினேன். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு அந்தக் காட்சியே நடக்கவில்லை என்று வைத்து வேறிடத்தில் தொடங்கினோம்.

அன்றிலிருந்து, தொடங்கும் முன்பே எதெல்லாம் வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கிறேன். காணாமல் போதல், இடப்பெயர்வு, பதுங்குகுழி ஆகியவற்றை நானாகவே விலக்குகிறேன். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையும் இருக்கும். ஜோன் ஸ்டாவ்ரோபூலோஸ் என்பவர் உருவாக்கிய எக்ஸ் அட்டை முறை இது. யார் தொட்டாலும் அந்த விடயம் கதையிலிருந்து போய்விடும், காரணம் சொல்லத் தேவையில்லை. முதல் தடவை நீங்களே தொட்டுக் காட்டுங்கள், மற்றவர்களுக்குக் கூச்சம் விடும்.

மந்திரங்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வேண்டுமா? (நல்லூர்)

விதிச் சொற்கள் எப்படியும் இருக்கட்டும். மனிதர்கள் மட்டும் நம்மைப் போலப் பேசட்டும்.

எங்களில் இருவர் மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கதை பாதியில் நின்றால்? (பருத்தித்துறை)

நிற்க விடக்கூடாது. இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிப்பதென்றால், மணிக்கூட்டை உங்கள் முன்னால் வையுங்கள். நாலே முக்காலுக்கு எங்கே நின்றாலும் இறுதிக் காட்சிக்குப் போய்விட வேண்டும். இடையில் வைத்திருந்த குகையை வெட்டுங்கள், காவலாளியை விட்டுவிடுங்கள். கிணற்றடிக்கு அவர்களைக் கொண்டு வந்து சேருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் சண்டை வேண்டாம். தண்ணீர் தெளிந்துவிட்டது, முதல் வாளியை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். நாலாவது ஆள் சொல்லி முடித்ததும் கொப்பியை மூடிவிட்டு, பஸ்ஸுக்குப் போகிறவர்களை ஒழுங்கை வரை கூட்டிக்கொண்டு போய் விடுங்கள்.