தூக்கிக்கொண்டு ஏறுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்களுக்குத் திசையன்விளைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா பனையேறி. தம்பி பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். பதநீர் சீசனில் அப்பாவுக்கு உதவியாக மரம் ஏறப்போய், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்துவிட்டான். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, வீல்சேரில் இருக்கிறான். சர்டிபிகேட்டில் 80 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கைக்கு ஒரு குறையும் இல்லை, டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் நன்றாகத் தெரியும். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். ஆனால் ஆபீஸ் மாடியில். நானும் சேக்காளிமாரும் தினமும் தூக்கிக்கொண்டு ஏறி விட்டுவிடுகிறோம் என்று சொல்லிவிட்டோம். தம்பி முடியவே முடியாது என்கிறான். அம்மா அழுகிறாள். சொந்தக்காரர்கள் பெட்டிக்கடை வைத்துக் கொடு என்கிறார்கள். கவர்மெண்ட் வேலைக்கு வழி இருக்கிறதா? அவன் உங்கள் எழுத்தைத் தேடிப் படிப்பவன். நீங்கள் சொன்னால் கேட்பான்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. அவருக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களுக்குச் சொல்லத்தான் இருக்கிறது.

எனக்கு ஒரு சித்தி உண்டு, முக்கூடலில். மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள். திண்ணையில் சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையை எடுத்து, தகட்டை வைத்து நறுக்கி, தூளைப் போட்டு, சுருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டி முடிப்பதற்குள் நாம் ஒரு வாக்கியம் பேசியிருக்க மாட்டோம். ஒரு நாளைக்கு ஆயிரம். ஆனால் நான் சொல்ல வருவது அந்தக் கைவேகத்தை அல்ல. தெருவில் இருக்கிற பெண்கள் எல்லாம் சாயங்காலம் பீடிக்கடை பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் வருவார்கள். இலை எத்தனை கிராம் குறைந்தது, எத்தனை கட்டு கழித்தார்கள், இந்த வாரம் எவ்வளவு வரவேண்டும் என்று பேப்பர் இல்லாமல் சொல்லுவாள். கடைக்காரர் கணக்கு தப்பும், அவள் கணக்கு தப்பாது. அவளுக்குக் கணக்கு வேலை கொடுக்கலாம் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை எது என்று பார்த்தார்கள். பீடி இருந்தது. முடிந்தது.

எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது அவளுக்கு உதவித்தொகை வாங்க ஒரு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். மாடியில் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை, தூக்கிக்கொண்டு ஏறினேன். ஒரு கையால் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தாள். சர்டிபிகேட் இருந்த மஞ்சப்பையைப் பல்லில் கடித்திருந்தாள். படியில் நின்றவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். "பாவம்" என்றது ஒரு குரல். மேலே போனதும், போட்டோ ஒன்று குறைகிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் போய்க் கூப்பிட்டேன். சொளவிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "வேண்டாம்ல. நாலு பேரு முன்னால என்னயத் தூக்கிட்டு ஏறுனது போதும்." அதன்பிறகு அவள் எந்த அலுவலகத்துக்கும் வரவில்லை. அந்தப் பணத்தைக் கடைசிவரை வாங்கவும் இல்லை.

நான் செய்தது உதவி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கேட்காமல் ஒருவர் உடம்பைத் தூக்குவது உதவி அல்ல என்று புரிய எனக்கு வயதாகவேண்டியிருந்தது. உங்கள் தம்பிக்கு இப்போதே புரிகிறது. தினமும் இரண்டு தடவை, நான்கு பேர் கையில், தெரு பார்க்க. நீங்கள் ஒருநாள் ஊருக்குப் போனால்? ஒரு சேக்காளிக்குக் காய்ச்சல் வந்தால்? நடுப்பகலில் அவருக்குக் கீழே இறங்க வேண்டும் என்றால் யாருக்குப் போன் போடுவார்? நாலு பேர் தயவில் நடக்கிற வேலை எத்தனை மாதம் ஓடும்?

அம்மா முன்னால் பேசத் தயங்குகிற விஷயம் ஒன்று இருக்கிறது. நான் பேசிவிடுகிறேன். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு வேலை என்பது முதலில் கழிப்பறை. டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பவர் என்றால் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். எட்டு மணி நேர வேலையில் ஒரு தடவையாவது, பெரும்பாலும் இரண்டு தடவை. அதற்கு வீல்சேர் நுழைகிற கதவு வேண்டும், உள்ளே திரும்ப இடம் வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். கதவு மூன்றடி அகலம் இருந்தால் நல்லது. நம் ஊர்க் கட்டடங்களில் கழிப்பறைக் கதவு இரண்டரை அடி இருந்தாலே பெரிது. அடுத்தது புண். உணர்வு இல்லாத இடத்தில் அழுத்தம் தெரியாது. கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். நல்ல குஷன் வேண்டும். ஒரு படுக்கைப்புண் வந்தால் மாதக்கணக்கில் குப்புறக் கிடக்க நேரும், வேலையும் போகும். உங்கள் தம்பி இதையெல்லாம் நினைத்துத்தான் முடியாது என்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. நாலு பேர் முன்னால் சொல்ல முடியாமல் மொத்தமாக "மாட்டேன்" என்று நிறுத்திக்கொண்டிருக்கலாம். தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.

அந்த ஆடிட்டரிடம் மறுபடி போங்கள். தம்பியை மேலே ஏற்றுவது பற்றிப் பேசாதீர்கள், வேலையைக் கீழே இறக்குவது பற்றிப் பேசுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் முழுக்க ஆன்லைனில் போடுவதுதான். பில்களை ஸ்கேன் செய்து அனுப்பினால் வீட்டிலிருந்தே பதிவு போடலாம். இல்லை, கீழ்த்தளத்தில் ஒரு அறை, ஒரு மேஜை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது, நியாயமான வசதி செய்து தருவது என்று. சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். எடுத்துக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொன்ன மனிதர் அவர். மாடி என்பது அவருக்கும் ஒரு யோசனை வராத இடம், அவ்வளவுதான்.

கவர்மெண்ட் வேலை. வழி இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த இடஒதுக்கீடு 2016 சட்டத்தில் 4 ஆனது. பார்வை, செவித்திறன், கை கால் பாதிப்பு ஆகிய ஒவ்வொரு வகைக்கும் ஒரு சதவீதம். அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்டவற்றுக்கு இன்னொரு சதவீதம். 40 சதவீதப் பாதிப்பு இருந்தாலே தகுதி, தம்பிக்கு 80. டிஎன்பிஎஸ்சியில் தேர்வுக் கட்டணம் கிடையாது, வயது வரம்பில் பத்து ஆண்டு சலுகை உண்டு. குரூப் 4க்கு அவர் இப்போதே படிக்கத் தொடங்கலாம். அறிவிக்கையில் எந்தப் பதவிக்கு எந்த வகைப் பாதிப்பு உள்ளவர் பொருத்தம் என்று போட்டிருப்பார்கள், அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். தேர்வுக்கூடம் தரைத்தளத்தில் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கவும் வேண்டும். ஒரு சதவீதத்துக்குள் போட்டி கடுமையாகத்தான் இருக்கும். அதை மட்டும் நம்பி வருஷங்களை உட்கார்ந்து கழிக்க வேண்டாம்.

பெட்டிக்கடையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன், அதில் பிழைத்த குடும்பங்கள் ஆயிரம். ஆனால் அது தம்பியின் ஆசையா, சொந்தக்காரர்களின் யோசனையா? சொந்தமாகத் தொழில் என்று அவரே சொன்னால், கணக்கு எழுதித் தரும் ஒரு சின்ன அலுவலகத்தை வீட்டு முன்னறையிலேயே தொடங்கலாம். பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டத்தில் கிராமத்தில் தொழில் தொடங்கும் மாற்றுத்திறனாளிக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், கைப்பணம் 5 சதவீதம் போதும். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டீர்களா? அப்பா பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவரா, தம்பியும் பதிந்திருந்தாரா என்று பாருங்கள். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும்போது தம்பியின் கையெழுத்தில், தம்பியின் வாயால் கொடுக்கட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு தடவை ஆய்க்குடிக்குப் போய் வாருங்கள். தென்காசிப் பக்கம். 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன ராமகிருஷ்ணன் என்ற இன்ஜினியரிங் மாணவர் ஊருக்குத் திரும்பி 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரோடு சேர்ந்து அதை வளர்த்த சங்கரராமன் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட், தசைச்சிதைவு நோயால் வீல்சேரில் இருப்பவர். உங்கள் தம்பியின் தொழில்தான். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது, புண் வராமல் பார்ப்பது போன்றவற்றை மற்றொரு வீல்சேர்க்காரர் சொல்லித் தரும்போது அது வேறு மாதிரி உள்ளே இறங்கும். அண்ணன் சொல்வதும் நான் எழுதுவதும் அதற்கு ஈடாகாது.

படிகள் விஷயத்தில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பொதுக் கட்டடங்களை எல்லோரும் ஏறும்படி மாற்ற 2016 சட்டம் விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு முடிந்து போயிற்று. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இதெல்லாம் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. சாய்தளம் கட்டிய இடங்களிலும் பலவற்றில் சறுக்குப்பாறை மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதுதான் கணக்கு. ஆறங்குலப் படி ஒன்றுக்கே ஆறடி. மூன்று படி என்றால் பதினெட்டு அடி. முற்றத்தில் நேராக இடம் இல்லையென்றால் திருப்பிக் கட்டலாம்.

உங்கள் வீட்டு வாசலுக்கு எத்தனை படி? கடிதத்தில் அதை எழுதவில்லை. அவர் இந்த இரண்டு வருஷத்தில் யாரும் தூக்காமல் தெருவுக்கு வந்திருக்கிறாரா? கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் டேப்பைத் தம்பி கையில் கொடுங்கள், உயரத்தை அவர் அளந்து சொல்லட்டும். இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம், போனைக் கொடுத்துவிடுங்கள். ஆடிட்டர் என்ன சொன்னார் என்று அவரே எனக்கு எழுதினால் மகிழ்வேன்.