சந்தியாகுவை ஜேம்ஸ் ஆக்க வேண்டாம்

அன்புள்ள அக்கா,

என் அம்மப்பா 1938இல் மன்னார் முருங்கனில் பிறந்தவர். வீட்டில் சந்தியாகு. அம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் யாகப்பர். பழைய திருமுழுக்குத் துண்டில் லத்தீனில் 'யாக்கோபும்' என்று இருக்கிறது. மூன்று பேரும் ஒரே ஆளா? எல்லாவற்றையும் ஜேம்ஸ் என்று திருத்தி எடு என்கிறார் கனடாவிலிருக்கும் அண்ணா. புதுத் திருமுழுக்குச் சான்றிதழுக்கு அமலமரித் தியாகிகள் மறைமாவட்டத்துக்கு எழுதுவதா, மன்னாருக்கா? இலங்கையில் மறைபணி செய்த புனித யோசப் வாஸ் இயேசு சபையார்தானே?

ஒரு வாசகி, வவுனியா

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: இல்லை. அவர் கோவாவின் ஓரட்டோரியன் சபையார்.

அமலமரித் தியாகிகள் மறைமாவட்டம் என்று உலகத்தில் எங்கேயும் ஒன்று கிடையாது. மன்னார் மறைமாவட்டத்துக்குள் இருக்கும் வவுனியாவில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா? சபை துறவிகளின் குடும்பம், மறைமாவட்டம் ஆயரின் எல்லை. அமலமரித் தியாகிகள் (அ.ம.தி.) ஒரு சபை. 1847இல் இலங்கைக்கு வந்த அந்தச் சபையார் வடக்கின் பங்குகளை, அதாவது பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரங்களை, நீண்டகாலம் நடத்தினார்கள். அம்மப்பா பிறந்தபோது யாழ்ப்பாண ஆயராயிருந்த கியோமர் ஆண்டகையும் அச்சபைதான். குழப்பம் அங்கிருந்து வருகிறது. துண்டில் குருவின் பெயருக்குப் பின்னால் அ.ம.தி. என்று இருந்தால், தண்ணீர் ஊற்றியவர் எந்தச் சபை என்பது மட்டுமே தெரியும். திருமுழுக்கைப் பதிந்த ஏடு பங்குக்குச் சொந்தம்.

இனிப் பெயருக்கு வருவோம். நானே இதைப் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தேன். சந்தியாகு, யாகப்பர், யாக்கோபு மூன்றும் ஒருவரே, ஜேம்ஸ் அதன் ஆங்கில வடிவம். போர்த்துக்கேயரின் 'சந்த் இயாகு' நம் வாயில் சந்தியாகு ஆனது. 'சந்த்' என்றாலே புனிதர். புனித சந்தியாகு என்கிறபோது இரண்டு தரம் புனிதராக்குகிறோம், போகட்டும். இதே புனிதரைச் சொல்லும் சந்தியோகுமையோர் என்ற பெயரில் உள்ள 'மையோர்' ஏதோ பட்டப்பெயர் அல்ல. அப்போஸ்தலர் இரண்டு யாகப்பரில் பெரியவர் என்று பொருள். திருநாள் யூலை 25.

சூசை (யோசேப்பு), சவிரி (சேவியர்), மடுத்தீன் (மார்ட்டின்) எல்லாம் இப்படிக் காதால் வந்த பெயர்கள். பொருளால் வந்தவை வேறு. பவுல் என்றால் லத்தீனில் சிறியவன், ஆகவே சின்னப்பர். அந்திரேயா என்ற கிரேக்கப் பெயரில் ஆண்மையும் வலிமையும் இருப்பதால் பெலவேந்திரர். யோவானில் கடவுளின் அருள் இருப்பதால் அருளப்பர். இதைச் செய்தவர்களுக்கு இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்திருந்தது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் பேதுரு, பவுல், யோவான் என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் பழையவற்றைக் கொச்சை என்கிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு. இராயப்பு என்றால் பேதுருதான், ஆனால் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையைப் பேதுரு யோசேப்பு என்று யாராவது திருத்தினார்களா? உங்கள் அண்ணாவிடம் கேளுங்கள்.

திருத்தினால் என்ன கெடும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். ஏட்டில் ஜேம்ஸ் இல்லை. ஜேம்ஸைத் தேடச் சொன்னால், பங்குத்தந்தை பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு 'பதிவு இல்லை' என்று எழுதி அனுப்புவார். 'யாக்கோபும்' என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'இன்னாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன்' என்ற லத்தீன் வாக்கியத்தில் பிள்ளையின் பெயர் இரண்டாம் வேற்றுமையில் நிற்கும். அது நம்முடைய 'சந்தியாகுவை' மாதிரி, பெயர் யாக்கோபுஸ்தான். தகப்பன் பெயர் ஆறாம் வேற்றுமையில் வரும். 'பெத்ரி' என்று கண்டால் பெத்ரி என்றொரு பூட்டன் இருந்ததாகக் கதை கட்டவேண்டாம், அது பேதுருவின். மாதத்தை 8 போட்டு 'ப்ரிஸ்' என்று சுருக்கியிருந்தால் ஒக்டோபர், லத்தீனில் 'ஒக்தோ' என்றால் எட்டு. ஓகஸ்ட் என்று வாசித்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

எழுதவேண்டியது முருங்கன் பங்குத்தந்தைக்கு. அந்தக் காலத்தில் அவர்களின் கோயில் வேறொரு பங்கின் கிளையாக இருந்திருந்தால் ஏடு தாய்ப்பங்கில் இருக்கும். அம்மப்பாவின் திருமணப் பதிவு கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள், திருமுழுக்குப் பெற்ற பங்கு அதில் குறித்திருக்கலாம். யுத்தத்தில் ஏடு போயிருந்தால் யாழ்ப்பாண ஆயர் இல்லத்தில் கேளுங்கள். மன்னார் தனி மறைமாவட்டமானது 1981இல்தான். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 470ஆவது விதிப்படி பங்கேடுகளின் பிரதி ஆண்டுதோறும் ஆயரகத்துக்குப் போகவேண்டும், அன்றைய ஆயரகம் யாழ்ப்பாணம்.  அங்கும் கிடைக்காவிட்டால், இன்றைய சட்டத்தின் 876ஆவது விதி திருமுழுக்கை நிரூபிக்க நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியை ஏற்கிறது. அன்று கோயிலில் நின்ற யாராவது உயிரோடு இருந்தால் இப்போதே போய்க் கேளுங்கள், பிள்ளை.

பெயர் வேறுபாட்டுக்கு, மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். கடிதத்தில் 'சந்தியாகு என்கிற யாகப்பர், ஏட்டில் யாக்கோபுஸ்' என்று எழுதி, தாய் தகப்பன் பெயரும் போட்டு, 1937 முதல் 1940 வரை பார்க்கச் சொல்லுங்கள்.