ஷூட்டிங்கில் யாரிடம் எதைக் கேட்பது? மும்பைத் தமிழர்களின் கேள்விகள்

தாராவி: கோரேகாவ் பிலிம் சிட்டியில ஒரு இந்திப் படத்துக்கு உதவி இயக்குநரா சேரப்போறேன் சார். சந்தேகம் வந்தா டைரக்டர்கிட்டயே கேட்கலாமா?

வேண்டாம். செட்டில் கடிகாரம் ஃபர்ஸ்ட் ஏடி (முதல் உதவி இயக்குநர்) கையில். அடுத்து எந்த ஷாட், லைட்டிங் எப்போது முடியணும், எப்போது பிரேக், எல்லாம் அவர் கணக்கு. கால் ஷீட் (யார் எத்தனை மணிக்கு வரணும் என்ற அன்றாடப் பட்டியல்) போடுவதும் நடிகர்கள் மேக்கப் முடித்து நேரத்துக்கு வருகிறார்களா என்று பார்ப்பதும் செகண்ட் ஏடி. புதியவருக்குப் பெரும்பாலும் கிளாப் (ஷாட் எண் எழுதிய பலகையைக் கேமரா முன் அடிப்பது), கன்டின்யூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்ப்பது), காஸ்ட்யூம் இவற்றில் ஒன்று கிடைக்கும். போன ஷாட்டில் மடித்திருந்த சட்டைக்கை இப்போது இறங்கியிருந்தால் நீங்களே போய் மடிக்காதீர்கள். பழைய டேக்கின் போட்டோவை டிரெஸ் தாதாவிடம் (உடைகளைக் கவனிப்பவர்) காட்டினால் போதும்.

செம்பூர்: கிளாப் அடிக்கிறதுல அப்படி என்ன இருக்கு?

ஹாலிவுட்டில் அது கேமரா துறையின் வேலை. நம் ஊர்ப் படங்களில் உதவி இயக்குநர் தலையில். முதலில் சவுண்டு ஓடணும், பிறகு கேமரா, அதன்பிறகே சீன், ஷாட், டேக் எண்களைச் சொல்லி அடிக்கணும். எண்களை விரல் மறைத்தாலோ, பலகை ஃபோகஸில் இல்லாவிட்டாலோ எடிட்டிங் அசிஸ்டென்ட் உங்களைத்தான் திட்டுவார். ஆரம்பத்தில் விட்டுப்போனால் ஷாட் முடிவில், கட் ஆவதற்குள், பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கலாம். சவுண்டு பதிவு இல்லாத ஷாட்டில் அடிக்கக் கூடாது. கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்துக் காட்டுவது வழக்கம்.

டோம்பிவிலி: நான் எலக்ட்ரீஷியன். வீட்டு வயரிங் தெரிஞ்சா லைட் டீமுக்குப் போதுமா அண்ணே?

பாதி போதும். மீதி லோடு கணக்கு. 16 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 3,680 வாட்தான் தாங்கும். 2,000 வாட் டங்ஸ்டன் விளக்கு இரண்டை மாட்டினாலே அந்த அளவு தாண்டிவிடும். 18,000 வாட் எச்எம்ஐ (பகல் வெளிச்சம் போல எரியும் பெரிய விளக்கு) ஒன்றே 78 ஆம்பியர், அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பலாஸ்ட் பெட்டியின் இழப்பு தனி. அதனால்தான் ஜெனரேட்டர் வேன். எச்எம்ஐ விளக்கை அணைத்தால் சில சமயம் சூட்டோடு திரும்ப எரியாது, ஆறும்வரை மொத்த யூனிட்டும் சும்மா நிற்கும். லஞ்ச் பிரேக் என்றதும் கை ஸ்விட்சுக்குப் போகாமல் காஃபரை (லைட் டீமின் தலைவர்) கேளுங்கள். யாருக்கு எந்த விளக்கு வேண்டும் என்று கேமராமேன் அவரிடம்தான் சொல்லுவார்.

டியூப்லைட் மின்னுவதாக மானிட்டரில் தெரிந்தால் விளக்கை மட்டும் சந்தேகப்படாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 24 ஃபிரேமில் கேமரா ஷட்டர் கோணம் 180 டிகிரி என்றால் மின்னலாம், 172.8 டிகிரி வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு ஒளி விழும் நேரம் 1/50 விநாடி ஆகிவிடும், அடங்கும். அதை மாற்றுவது கேமரா டீம்.

முலுண்ட்: சவுண்டு ஆளுங்க ஏன் லொக்கேஷன் வந்ததும் ஃபிரிட்ஜைத் தேடுறாங்க?

அதன் ரீங்காரம் ஒவ்வொரு டேக்கிலும் விழும், அணைக்கத்தான். திரும்பப் போட மறந்தால் வீட்டுக்காரரின் சாமான் கெடும். அதற்காகவே கார் சாவியை உள்ளே வைப்பார்கள், சாவி இல்லாமல் கிளம்ப முடியாதே. காட்சி முடிந்ததும் 30 விநாடி ரூம் டோன் (யாரும் பேசாத அறையின் வெறும் சத்தம்) எடுக்கும்போது யாரும் அசையக் கூடாது. பொட்டலம் பிரிக்கும் சத்தமும் கேட்கும்.

மாட்டுங்கா: டிஐடி வேலையில, அதான் ஷூட் ஆன மெமரி கார்டைக் காப்பி எடுத்துப் பாதுகாக்கிறதுல, எது பெரிய அபாயம்?

காப்பி ஆவதற்குள் கார்டை ஃபார்மேட் செய்வது. இரண்டு தனித்தனி டிரைவில் காப்பி, செக்சம் சரிபார்ப்பு (காப்பி அசலோடு ஒத்துப்போகிறதா என்று மென்பொருள் பார்ப்பது), அதற்குப் பிறகே கார்டு திரும்பக் கேமராவுக்கு, ஃபார்மேட்டும் கேமராவிலேயே. ஷூட் ஆன கார்டில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். லேப்டாப்பில் இழுத்துப் போட்டால் சரிபார்ப்பு நடக்காது. வேகத்தையும் முன்கூட்டிக் கணக்குப் போடணும். நிரம்பிய 512 ஜிபி கார்டு விநாடிக்கு 400 எம்பி வேகத்தில் சுமார் 21 நிமிடம். 150 எம்பி ஓடும் சாதா ஹார்டு டிஸ்க்கில் 57 நிமிடம். அதற்குள் அடுத்த கார்டு நிறைந்துவிடும். எஸ்எஸ்டி (வேகமான டிரைவ்) தரமாட்டேன் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் எழுதிக் கையில் கொடுங்கள்.