புதைந்த ஞானப்பல், உடைந்த கடைவாய்ப்பல்: கேள்வி பதில்

கேள்வி: கீழ் ஞானப்பல் சாய்ந்து புதைந்திருக்கிறது. வலி இல்லை. எடுக்கணுமா?

பதில்: சாய்ந்திருப்பது மட்டும் காரணமாகாது. முழுக்க எலும்புக்குள் இருந்து, சுற்றிலும் நோய் இல்லையென்றால் அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனித்தால் போதும். பாதி வெளியே தெரியும் பல்தான் தொல்லை. அதை மூடியிருக்கும் ஈறு மடிப்பின் கீழ் உணவு தங்கிச் சீழ் பிடிக்கும். முன்னாலிருக்கும் பல்லின் பின்பக்கம் சொத்தை விழும். வீக்கம் திரும்பத் திரும்ப வந்தால், சொத்தையோ நீர்க்கட்டியோ இருந்தால் எடுங்கள். விழுங்க முடியாத வீக்கம் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: எடுத்தால் கீழுதடு மரத்துப்போகுமாமே?

பதில்: வாய்ப்பு உண்டு. வேர் தாடை நரம்புக் குழாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓபிஜி எக்ஸ்ரேயில் (இரு தாடைகளும் முழுதாகத் தெரியும் படம்) குழாய் கடக்கும் இடத்தில் வேர் கறுத்திருக்கிறதா, குழாயின் வெள்ளைக் கோடு அறுந்திருக்கிறதா, குழாய் திசை மாறி வளைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று தெரிந்தாலும் சிபிசிடி எனும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. நரம்பு வேரை ஒட்டியே ஓடினால் கொரோனெக்டமி செய்யலாம்: பல்லின் தலைப்பகுதியை வெட்டி எடுத்து, வேரை எலும்பு விளிம்புக்குச் சுமார் 3 மி.மீ. கீழே விட்டுத் தைப்பது.

கேள்வி: வேரை உள்ளே விடுவது அரைகுறை வைத்தியம். அழுகாதா?

பதில்: உயிருள்ள, நோயில்லாத வேர் பெரும்பாலும் அழுகாது, அதன்மேல் எலும்பு வளரும். சில வேர்கள் மெல்ல மேலே நகரும். அப்போது நரம்பை விட்டு விலகிவிடுவதால் பிறகு எடுப்பதும் எளிது. ஆனால் சொத்தை வேர்வரை போயிருந்தாலோ, வெட்டும்போது வேர் ஆடிவிட்டாலோ விட்டுவைக்கக் கூடாது.

மீண்டும் அவரே: அப்படியானால் ரூட் கெனால் (வேருக்குள் இருக்கும் கூழை நீக்கி அடைக்கும் சிகிச்சை) செய்துவிட்டாவது மூடலாமே?

பதில்: வேண்டவே வேண்டாம். உள்ளிருக்கும் கூழ் தானே ஆறும். அதைக் கிளறினால்தான் தொற்று கூடும்.

கேள்வி (பல் மருத்துவ மாணவர்): கீழ்க் கடைவாய்ப்பல் ஈறு மட்டத்தில் உடைந்துவிட்டது. ஃபோர்செப்ஸ் (பல் பிடுங்கும் இடுக்கி) வழுக்குகிறது.

பதில்: இழுக்காதீர்கள், நறுக்குங்கள். விரிந்த இரண்டு வேர்களையும் ஒரே துளை வழியே இழுத்தால் வேர் முறியும், எலும்பும் உடையும். வேர்கள் பிரியும் கவட்டை தெரியும்வரை எலும்பைக் கொஞ்சம் எடுத்து, கன்னப்பக்கமிருந்து நாக்குப்பக்கம் நோக்கி வெட்டுங்கள். முக்கால்வாசியில் நிறுத்துங்கள், அப்பால் நாக்கு நரம்பு. எலிவேட்டரை (நெம்பும் கருவி) வெட்டுக்குள் வைத்துத் திருப்பினால் பிளந்துவிடும். பிறகு ஒவ்வொரு வேரையும் அதன் வளைவின் போக்கிலேயே எடுங்கள். வெட்டும்போது சலைன் (உப்புநீர்) விடாமல் ஓடட்டும், சூட்டில் எலும்பு வேகக் கூடாது. முன்பக்கம் காற்றை ஊதும் ஏரோட்டரை (காற்றில் சுழலும் பல் துளைப்பான்) ஈறு திறந்த இடத்தில் வைக்கவே கூடாது: காற்று திசுவுக்குள் புகுந்து கன்னமும் கழுத்தும் உப்பும். மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர். கன்னப்பக்க வேர்கள் இரண்டையும் அண்ணப்பக்க (மேல்வாய்ப்பக்க) வேரிலிருந்து பிரியுங்கள். முறிந்த வேர்நுனியை மேல்நோக்கி அழுத்தினால் சைனஸுக்குள் (மேல்தாடை எலும்பின் காற்றறை) போய்விடும்.

கேள்வி: ஒரு வேர் மட்டும் கெட்டிருந்தால் மற்றதைக் காப்பாற்றலாமா?

பதில்: கீழ்ப்பல்லில் முடியும். நல்ல வேருக்கு முதலில் ரூட் கெனால் செய்து, பிறகு பல்லை இரண்டாக வெட்டிக் கெட்ட பாதியை எடுத்து, மீதிக்குக் கேப் போடுவார்கள். மிஞ்சும் வேரைச் சுற்றி எலும்பு உறுதியாக இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கும் வலி இல்லை, எடுக்கணுமா?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

கேள்வி: ஞானப்பல் தள்ளித்தான் முன்பற்கள் கோணலாகிவிட்டதா?

பதில்: அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பல் சீரமைப்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பல் எடுத்து மூன்றாம் நாள் வலி கூடிவிட்டது. வாய் நாறுகிறது. அடிக்கடி கொப்பளிக்கிறேன், சிகரெட்டும் உண்டு.

பதில்: ட்ரை சாக்கெட்டாக இருக்கலாம். அதாவது, பல் இருந்த குழியை மூடியிருந்த ரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி சட்டென்று குறையும். இதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், புகைக்காதீர்கள் என்பது இதற்காகத்தான்.