வேகம் இரண்டு மடங்கு, ஆற்றல் ஏன் நான்கு மடங்கு?

கேள்வி: சார், இயக்க ஆற்றலுக்கு (ஓடும் பொருளிடம் இருக்கும் ஆற்றல்) நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்று மகள் மனப்பாடம் செய்கிறாள். வர்க்கம் எதற்கு? வேகத்தால் மட்டும் பெருக்கினால் போதாதா?
– வாசகி, தேனி

பதில்: போதாதம்மா. காரணம் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் ஒப்பிக்க வைப்பது எனக்கு அறவே பிடிக்காது.

ஓட்டுபவரையும் சேர்த்து 200 கிலோ உள்ள பைக் 30 கி.மீ. வேகத்தில் போகிறது. ஆற்றல் சுமார் 7,000 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). 60-இல் போனால் 28,000. பிரேக்கை அதே அளவு பிடித்தால் நிற்க இரண்டு மடங்கு நேரமாகும். சரி, அந்த நேரம் முழுக்க சராசரி வேகமும் இரண்டு மடங்கு. ஆக, ஓடும் தூரம் நான்கு மடங்கு! பிரேக்கின் விசையை இந்தத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் அது செய்த வேலை. அதாவது, பைக்கிடம் இருந்த ஆற்றல். (பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடச் சொல்லலாம்.)

1720-களில் நெதர்லாந்து விஞ்ஞானி ஸ்கிராவெசாண்டே பித்தளை உருண்டைகளை மென்களிமண்ணில் போட்டுப் பார்த்தார். பள்ளம் வேகத்தின் வர்க்கத்தையொட்டியே பெரிதானது. அதை வைத்து 1740-இல் பிரெஞ்சு அறிஞர் எமிலி து ஷாட்லே, ஆற்றலுக்கு வேகத்தின் வர்க்கம்தான் சரி என்று வாதாடினார். அந்தப் ‘பாதி’ பின்னால் வந்தது. 1829-இல் பிரெஞ்சு விஞ்ஞானி கொரியோலிஸ் சேர்த்தது.