தாய்மாமன் மடிக்காக நிறுத்திய மருந்து

கேள்வி: இருபது ஆண்டுக் குடியால் என் கணவரின் கல்லீரல் சுருங்கிவிட்டது. குடியை விட்டு ஏழு மாதமாகிறது. குடல் சுவர் பழுதானால் கல்லீரல் தேறாது என்று படித்தேன். அதற்கு எந்த புரோபயாட்டிக் பவுடர் நல்லது? மருந்தெல்லாம் தவறாமல் கொடுக்கிறேன். நாத்தனார் மகளுக்கு இவர் மடியில் வைத்துத்தான் காதுகுத்து; சபையிலிருந்து எழுந்து போக நேருமே என்று, நாத்தனாரிடமும் விஷயத்தைச் சொல்லாமல், வயிற்றால் போகவைக்கும் சிரப்பை மட்டும் நான்கு நாள் நிறுத்திவைத்தோம். இப்போது பகலில் தூங்கி, இரவில் விழித்திருக்கிறார். வெயில் அசதிதானே?

- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பவுடர் இருக்கட்டும். போகிறபோக்கில் எழுதிய அந்த நான்கு நாளுக்கு முதலில் பதில் சொல்லுங்கள். 'நிறுத்திவைத்தோம்' என்கிறீர்கள், மருத்துவரைக் கேட்டதாக ஒரு சொல் இல்லை, மறுபடி தொடங்கியதாகவும் இல்லை.

நீங்கள் படித்தது சரிதான். குடல் சுவரின் செல்களை இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகளை மதுவும், அது உடலில் சிதைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடும் தளர்த்திவிடுவதால், பாக்டீரியாக்களின் நச்சு கசிந்து, குடல் இரத்தத்தோடு நேரே கல்லீரலுக்குப் போய் அழற்சியை வளர்க்கிறது. அந்தச் சுவர் தேறுவதற்கு முதல் மருந்து அவர் குடியை விட்டதுதான். எந்தப் பவுடரும் அதற்கு ஈடாகாது. ஆனால் அதே குடலில் பாக்டீரியாக்கள் அம்மோனியாவையும் உண்டாக்குகின்றன. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும். சுருங்கிய கல்லீரலால் அது முடியாதபோது அம்மோனியா மூளையைத் தாக்குகிறது. அதை மலத்தோடு வெளியேற்றத்தான் லாக்டுலோஸ் சிரப் தருகிறார்கள்; உங்கள் வீட்டில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நாளுக்கு 2 அல்லது 3 முறை இளகலாகப் போவது அந்த மருந்தின் தொல்லை அல்ல, அதன் வேலையே அதுதான். அதற்கு மேல் தண்ணீராகப் போனால் அளவைக் குறைக்க மருத்துவரைக் கேட்க வேண்டுமே தவிர, நீங்களாக நிறுத்தக் கூடாது. பகல் தூக்கமும் இரவு விழிப்பும் மூளை பாதிக்கப்படுவதன் தொடக்க அறிகுறியாக இருக்கலாம். வெயில் மேல் பழி போடாதீர்கள்.

தாய்மாமன் முறையை நான் இளப்பமாக எண்ணுபவள் அல்ல. ஆனால் இருபது ஆண்டு அவர் குடித்தபோது தாங்கிக்கொண்ட உறவு, சபையிலிருந்து இரண்டு முறை எழுந்து போனால் தாங்காதா? அந்தக் குழந்தையின் பூப்புநீராட்டுக்கும் கல்யாணத்துக்கும் மாமன் உயிரோடு வேண்டும். நாத்தனாரிடம் உண்மையைச் சொல்லாமல் மறைத்தது மரியாதை அல்ல, வெறும் கூச்சம். கணவரின் மானத்தைக் காப்பதாக நினைத்து அவருடைய மூளையைப் பணயம் வைத்திருக்கிறீர்கள்.

இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். பருப்பும் முட்டையும் ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டுப் பட்டினி போடாதீர்கள். புரதம் அவருக்கு வேண்டும், படுக்கும் முன் சிற்றுணவும் வேண்டும். பேச்சு குழறினாலோ, நீட்டிய கை படபடத்தாலோ, மலம் கறுத்தாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது நாத்தனாரையும் துணைக்குக் கூப்பிடுங்கள். அந்தச் சிரப் எதற்கென்று மருத்துவர் வாயால் அவரும் கேட்கட்டும்.