யாழ்ப்பாணத்தில் குடியேறலாமா?

கேள்வி: ஓய்வுபெற்ற நானும் மனைவியும் வெள்ளவத்தை வாடகை வீட்டை விட்டு யாழ்ப்பாணத்தில் காணி வாங்கிக் குடியேற எண்ணுகிறோம். இது சரியான முடிவா?
– வாசகர், கொழும்பு 6

பதில்: தாராளமாக வாருங்கள், ஆனால் காணி வாங்குமுன் மாரியும் கோடையும் கழியும்வரை கொக்குவில், நல்லூர்ப் பக்கம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீரே கிணற்றுநீர் என்பதால், ஒரு வளவில் நன்னீராக ஊறுவது அடுத்த ஒழுங்கையில் உவர்ப்பாக இருக்கக்கூடும். ஆவணி வெயிலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் வைத்துக் குடித்துப் பார்ப்பதோடு, தோட்டக் காணிகளுக்கு அருகிலாயின் உரத்திலிருந்து கிணற்றில் கலக்கும் நைத்திரேற்றுக்கான பரிசோதனையும் செய்விப்பது நல்லது. வைத்திய வசதி பற்றிக் கவலை வேண்டாம். போதனா வைத்தியசாலை நகரின் நடுவிலேயே இருக்கிறது. பிரிக்கப்படாத பங்குக் காணியாயின், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு என்பதால், காணி உறுதியை நொத்தாரிசிடம் காட்டாமல், விலை எவ்வளவு மலிவாயினும், முற்பணம் கொடுக்காதீர்கள்.